குறுக்கு வலிக்கு ஸ்க்ரூ வைக்கும் ஆபரேஷன்: காப்பீட்டு அட்டையில் எதுவரை வரும்?

குறுக்கு வலியோடு போனவரிடம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எலும்பு நகர்ந்திருக்கு, ஸ்க்ரூ வைக்கணும்" என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "கார்டுல வருமா?" என்பதுதான். வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முதுகெலும்பு அறுவைகளும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை.

அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஆலங்குளம், கடையம்காரர்களுக்கு 2019 முதல் தென்காசிதான் மாவட்டத் தலைநகர். திருநெல்வேலிக்கு வீணாக அலைய வேண்டாம்.

அட்டை இருந்தாலும் ஸ்கேன், எக்ஸ்ரே, டாக்டரின் குறிப்பு எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி அனுப்பி முன் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரி முதுகெலும்புச் சிகிச்சைக்காகத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். ஒப்புதலான சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993-க்குப் புகார் சொல்லலாம்.

சரி, எந்த ஆபரேஷன்? இங்கேதான் பலர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஸ்க்ரூ வைப்பது, நகர்ந்த எலும்பைப் பக்கத்து எலும்போடு ஒட்ட வைக்கத்தான். அப்படி ஒட்ட வைப்பதில் பல வழிகள். முதுகுப் பக்கமாகத் திறந்து, நரம்பை இருபுறமும் ஒதுக்கி, எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வை எடுத்து, அந்த இடத்தில் 'கேஜ்' என்ற சிறு தாங்கியை வைப்பது பிலிஃப். ஒரு பக்கமாகச் சாய்வாக நுழைவது டிலிஃப். நரம்பை இழுப்பது இதில் குறைவு. வயிற்று வழியாகப் போவது அலிஃப். பெரிய கேஜ் வைக்கலாம், முதுகுத் தசையும் தப்பும். ஆனால் பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கித்தான் போக வேண்டும், ஆண்களுக்கு விந்து வெளியேறுவதில் சிக்கல் வரும் வாய்ப்பும் சிறிது உண்டு. விலாப்பக்கமாகவும் செய்வதுண்டு. இடுப்பு எலும்பு மறைப்பதால் கீழே உள்ள கடைசி ஜவ்வுக்கு அது எட்டாது. எல்லாருக்கும் இதுதான் சிறந்தது என்று ஒன்றைச் சொல்ல முடியாது. டாக்டருக்கு எது நன்றாகக் கைவந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

அதைவிடப் பெரிய கேள்வி, ஒட்ட வைக்கத்தான் வேண்டுமா என்பது. நரம்புப் பாதை சுருங்கியவர்களுக்கு இடத்தை அகலப்படுத்துவது மட்டும் போதுமா என்று பார்த்த இரண்டு ஆய்வுகள் 2016-இல் வெளிவந்தன. சுவீடன் ஆய்வில், எலும்பை ஒட்ட வைப்பதையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. எலும்பு நகர்ந்தவர்களை மட்டும் எடுத்த அமெரிக்க ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆகவே, "குனிந்து நிமிரும்போது எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு ஆடுகிறதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கைக்காசு செலவில்லை என்பது ஆபரேஷனுக்குக் காரணமாகாது.

ஸ்க்ரூ தற்காலிகப் பிடிமானம்தான். எலும்பு ஒட்ட ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். பீடி, சிகரெட் அதைக் கெடுக்கும். பீடி சுற்றுகிற பெண்கள் எப்போதிலிருந்து மறுபடி தரையில் உட்காரலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

திடீரென்று சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ ஒப்புதலுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அட்டையை வீட்டிலிருந்து யாராவது பின்னாலேயே எடுத்து வரட்டும்.