‘என் தலைப்பில் ஒரு புத்தகம்கூட இல்லை’

இன்று காலை மறுபடியும் அதே வாக்கியம். பல்கலைக்கழக நூலகத்தின் உசாத்துணை மேசையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இதைக் கேட்கிறோம். முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இப்போது உண்மையாகவே எரிச்சல் வருகிறது.

சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவியை உதாரணமாகச் சொல்கிறேன். பாசன நீரைப் பங்கிடும்போது உழவர்களுக்குள் எழும் சச்சரவுகளும் அவை தீர்க்கப்படும் முறைகளும் அவருடைய ஆய்வுப்பொருள். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்றே மாதங்கள் இருந்தன. நூலகத்தின் தேடுகணினியில் தம் ஆய்வுத் தலைப்பை முழு நீளத்துக்கு அப்படியே தட்டச்சு செய்து பார்த்திருக்கிறார். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று திரையில் வந்திருக்கிறது. அதை நம்பி, ‘இப்பொருளில் இதுவரை நூல் எதுவும் வெளிவரவில்லை’ என்று ஆய்வேட்டின் முன்னுரையிலும் எழுதிவிட்டார். அந்த வரியைப் படித்துத் திடுக்கிட்ட நெறியாளர்தான் அவரை என்னிடம் அனுப்பிவைத்தார்.

தன் ஆய்வேட்டின் பெயரே அட்டையில் அச்சிடப்பட்ட நூல் ஒன்று அலமாரியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொருளைப் பற்றி எவரும் எழுதவில்லை என்று எண்ணுவதுதான் நான் காண்கிற தவறுகளிலேயே பெரியது. சற்று யோசித்துப் பாருங்கள்: உங்கள் கேள்வி முழுவதற்கும் விடை சொல்லும் நூல் ஏற்கெனவே இருந்தால், நீங்கள் எதற்காக ஆய்வு செய்ய வேண்டும்? நூலுக்குப் பெயர் வைப்பவர் ஆசிரியரும் பதிப்பாளரும். அந்தப் பெயர் வாசகரை ஈர்ப்பதற்காக வைக்கப்பட்டிருக்கலாம், ஒரு வாதத்தைச் சுட்டுவதற்காக வைக்கப்பட்டிருக்கலாம், வெறும் ஊர்ப்பெயராகவும் இருக்கலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைக் குறிக்கும் பொருள் தலைப்புகளைத் தருபவர், நூலைப் புரட்டிப் பார்த்துப் பட்டியலிடும் நூலகர். அவரும் நூலின் மையப்பொருளைத்தான் குறிப்பாரே தவிர, ஏழாம் இயலில் வரும் இருபது பக்கங்களைக் குறித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்த சிக்கல், அச்சிட்ட நூலை ஓரிடத்தில்தான் வைக்க முடியும் என்பது. நூல்களுக்கு எண் கொடுத்து அலமாரியில் அடுக்க நூலகங்கள் பயன்படுத்தும் முறைகளுள் ஒன்றான, 1876இல் வெளிவந்த டூயி தசம வகைப்பாடு அறிவைத் துறைவாரியாகப் பிரிக்கிறது, பொருள்வாரியாக அல்ல. எனவே ‘நீர்’ என்று ஓர் அலமாரி இராது. நீரை இயற்கை வளமாகப் பார்க்கும் நூல்கள் 333.91இல் இருக்கும்; நீரியல் 551.48இல், குடிநீர் வழங்கல் பொறியியல் 628.1இல், வயலுக்குப் பாய்ச்சும் நீர் 631.587இல். நீர் உரிமை பற்றிய சட்ட நூல்களைத் தேட 346க்குப் போக வேண்டும். இந்த வகைப்பாட்டை உருவாக்கிய நூலகர் டூயி இதை அறியாதவரல்லர். சிதறிக் கிடப்பதை ஒருங்கே காட்டுவதற்காகவே தம் வகைப்பாட்டுடன் ஒரு சார்பு அடைவையும் இணைத்தார். தமிழ் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. மொழி 494.811இலும் இலக்கியம் 894.811இலும் இருப்பதால், தொல்காப்பிய உரைகளுக்கும் சங்கப் பாடல்களுக்கும் நடுவே அறிவியல், தொழில்நுட்பம், கலை என்று பாதி நூலகத்தைக் கடந்து நடப்பவர்கள்தானே நீங்கள்?

அந்த மாணவியுடன் நானும் நடந்தேன். அரசியல் பகுதியில் விட்ஃபோகல் 1957இல் வெளியிட்ட நூல் இருந்தது. அட்டையில் கீழைத்தேயக் கொடுங்கோன்மை என்றுதான் போட்டிருக்கும், நீர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் பெரும் பாசனப் பணிகளை நிர்வகிக்கும் தேவையே வலுவான மைய அரசுகளை உருவாக்கியது என்பதுதான் அதன் வாதம். அந்த வாதத்தைப் பலரும் மறுத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். மறுப்பதற்காவது படித்திருக்க வேண்டும். மானிடவியல் பகுதியில் எட்மண்ட் லீச் 1961இல் எழுதிய, இலங்கையின் புல் எலிய என்ற சிற்றூரைப் பற்றிய நூல். துணைத்தலைப்பில் நில உடைமை, உறவுமுறை என்ற சொற்கள்தான் உண்டு. உள்ளே குளமும் வாய்க்காலும் வயல் பங்கும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பொருளியல் பகுதியில் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட, பொதுவளங்களை மக்களே ஆள்வது பற்றிய நூல். ஸ்பெயினின் வாலென்சியாப் பகுதியிலும் பிலிப்பைன்ஸிலும் உழவர்கள் தாமே விதி வகுத்து நீரைப் பங்கிட்டுக்கொண்ட வரலாறு அதில் ஓர் இயலில் வருகிறது. அவருக்கு 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்ததை அந்த மாணவி அறிந்திருந்தார், நூலைத்தான் திறந்ததில்லை.

இவை மூன்றும் தனிப்பொருள் ஆய்வுநூல்கள், அதாவது ஒருவர் ஒரு வாதத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுசெல்பவை. பல்கலைக்கழக நூலகத்தில் இவை ஒரு வகை மட்டுமே. கட்டுரைத் தொகுப்புகளில் இயலுக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். அட்டையில் தொகுப்பாசிரியர் பெயர்தான் இருக்கும். பல நூற்பட்டியல்களில் இயல்களின் தலைப்புகள் ஏற்றப்பட்டிருக்கா. கருத்தரங்க ஆய்வுக்கோவைகளும் அப்படித்தான். அவற்றில் முத்தும் இருக்கும், கூழாங்கல்லும் இருக்கும். பிரித்தெடுப்பது படிப்பவர் பொறுப்பு. அறக்கட்டளைச் சொற்பொழிவு நூல்கள் மெலிந்தவை என்பதால் அலமாரியில் தடித்த நூல்களுக்கிடையே மறைந்துபோகின்றன. ஆனால் ஓர் அறிஞர் முப்பது ஆண்டுகள் யோசித்ததை நூறு பக்கத்தில் வேறெங்கும் காண முடியாது.

மணிவிழா மலர்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். முதல் நாற்பது பக்கம் வாழ்த்துப்பாவும் புகைப்படமுமாக இருப்பதைக் கண்டு மாணவர்கள் உடனே மூடிவிடுகிறார்கள். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து, அந்தப் பேராசிரியரின் நண்பர்களும் மாணவர்களும் அவரவர் துறையில் எழுதிக் கொடுத்த கட்டுரைகள் தொடங்கும். அவற்றுள் சில வேறெங்குமே வெளிவந்திருக்கா. அந்த மாணவிக்கு மிகவும் பயன்பட்ட கட்டுரை, வாய்க்கால் முறை பற்றிய பழைய ஒப்பந்தங்களைக் குறித்த பதினெட்டுப் பக்கங்கள், ஒரு வரலாற்றுப் பேராசிரியரின் மணிவிழா மலரில்தான் கிடைத்தது. அந்த மலரை அதற்கு முன் எடுத்தவர் எவருமில்லை. கடைசித் தாளில் ஒட்டிய தவணைச் சீட்டு வெறுமையாக இருந்தது.

கையேடுகள் என்ற பெயரைப் பார்த்துத் தேர்வுக் குறிப்பு என்று எண்ணுபவர்கள் உண்டு. ஆய்வுலகில் கையேடு என்பது கையில் ஏந்தினால் மணிக்கட்டு வலிக்கும் நூல். ஒரு துறையில் எது முடிவாகியிருக்கிறது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதை இயல் இயலாகச் சொல்லும். ஆய்வைத் தொடங்குபவர் முதலில் உட்கார வேண்டிய இடம் அதுதான். அதைவிடக் கேட்பாரற்றுக் கிடப்பவை நூலடைவுகள், அதாவது ஒரு பொருள் பற்றி வெளிவந்தவற்றின் பட்டியல்கள். ஒருவர் ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்துக் கொடுத்த பட்டியலின் மேல் தூசி படிந்திருக்க, அதன் பக்கத்து மேசையிலேயே ஒருவர் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஒளிக்கவில்லை.

இலக்கிய மாணவர்களுக்கு ஒன்று. சுவடிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த செம்பதிப்பும் மலிவுப் பதிப்பும் ஒன்றல்ல. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பல பாடல்கள் சிதைந்து கிடைத்தன. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தது முதல் அறிஞர்கள் சுவடிகளை ஒப்பிட்டுக் குறித்துவைத்த பாடபேதங்கள் (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்கள்), அவசரத்தில் அச்சிட்ட நூல்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. பாடபேதத்தை வைத்து வாதம் செய்யும் கட்டுரைக்கு அத்தகைய நூலை ஆதாரமாகக் காட்டினால் வாதம் நிற்காது.

‘ஐஎஸ்பிஎன் இருக்கிறதே, ஆகவே ஆய்வுநூல்தானே?’ என்று கேட்கிறார்கள். இல்லை. 1970இல் சர்வதேசத் தரநிலையாகி, 2007 முதல் 13 இலக்கங்களுடன் வழங்கும் அந்தச் சர்வதேசத் தர நூல் எண் ஒரு பதிப்பை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதற்கானது. ஜோதிட நூலுக்கும் சிறுவர் கதைக்கும் அது உண்டு. தரச் சான்றிதழ் வேண்டுமென்றால் அடிக்குறிப்புகளைப் படியுங்கள்.

இனி, மேசைக்கு வருமுன் செய்ய வேண்டியவை. முழுத் தலைப்பைத் தட்டச்சு செய்யாதீர்கள். பாசனம், குளம், ஏரி, கால்வாய், நீர் உரிமை என்று தனிச்சொற்களாகத் தேடுங்கள், தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. ஒரு நூல் பொருந்திவந்தால் அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்பைக் குறித்துக்கொண்டு அதைக் கொண்டு மறுபடி தேடுங்கள். அந்த நூலின் இருபுறமும் உள்ள பத்து நூல்களை எடுத்து, பொருளடக்கத்தையும் கடைசியில் உள்ள பொருளடைவையும் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படியுங்கள்: திருத்திய பதிப்பும் மறு அச்சும் வேறு வேறு. தொகுப்பில் ஓர் இயலைப் பயன்படுத்தினால் அதை எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள், தொகுப்பாசிரியரின் பெயரை அல்ல. பக்கங்களைப் படமெடுப்பதானால் முதலில் தலைப்புப் பக்கத்தைப் படமெடுங்கள். ‘நீல அட்டை சார், போன வருஷம் பார்த்தேன்’ என்பதை வைத்து எந்த நூலகராலும் தேட முடியாது. அதற்கும் மேலாக, தயங்காமல் கேளுங்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியலறிஞர் ரங்கநாதன் 1931இல் எங்களுக்கு விதி எழுதி வைத்திருக்கிறார். மூன்று மாதம் இருக்கும்போது வந்தால் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? முதல் ஆண்டிலேயே வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: எடுத்த நூலை நீங்களே அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள். அந்த மாணவிக்காக நாங்கள் தேடியவற்றுள் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பாசனப் பகுதிகளின் வேளாண் பொருளியல் பற்றிய தொகுப்பு நூல் அது. கணினியில் ‘அலமாரியில் உள்ளது’ என்று காட்டியது, 338.1இல் இரண்டு நாள் தேடினோம். இந்த வாரம் இருப்புச் சரிபார்ப்பின்போது அது 388.1இல், சாலைப் போக்குவரத்து நூல்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. மூன்றையும் எட்டையும் மாற்றிப் படித்த யாரோ ஒருவர் உதவுவதாக எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாணவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆய்வேட்டை ஒப்படைத்து ஏழு மாதம் ஆகிவிட்டது என்றார்.