டிரான்ஸ்பரன்ட் பேக்ரவுண்ட்: ஊடுகாட்டும் பின்புலம்

அழைப்பிதழ் அச்சடிக்கும் கடையில் "லோகோவை பிஎன்ஜியா குடுங்க" என்பார்கள். பிஎன்ஜி (PNG) என்பது ஒரு படக்கோப்பு வடிவம். அவர்களுக்குத் தேவை டிரான்ஸ்பரன்ட் பேக்ரவுண்ட் உள்ள படம், அதாவது பின்னால் இருப்பதை அப்படியே தெரியவிடும் பின்புலம் உள்ள படம். வெள்ளைத் திரையில் வைத்துப் பார்க்கும்வரை அதற்கும் வெள்ளைப் பின்புலம் உள்ள படத்துக்கும் வேறுபாடே தெரியாது. மஞ்சள் அட்டையில் ஏற்றியதும் வெள்ளைக் கட்டம் பல்லிளிக்கும்.

லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் ஊடாக, 'பாரேரே' என்றால் தோன்றுதல். ஆக, ஒன்றின் ஊடாக இன்னொன்று தோன்றுவதே டிரான்ஸ்பரன்ட். இதை மென்பொருள் மொழிபெயர்ப்புகள் 'வெளிப்படையான பின்னணி' ஆக்கிவிடுகின்றன. மறைவாக இருந்தது தானே வெளியே வந்து நிற்பதுதான் வெளிப்படை. அரசு ஒப்பந்தங்களுக்கு அந்தச் சொல் சரி. படத்தில் நடப்பது நேர்மாறு: அந்த இடம் தன்னைக் காட்டாமல் பின்னால் இருப்பதைக் காட்டுகிறது. தமிழ்நாட்டு அறிவியல் பாடத்தின் 'ஒளிபுகும்' என்ற சொல் கண்ணாடிக்குப் பொருந்தும். படக்கோப்பிலோ புகுவதற்கு ஒளியே கிடையாது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் 'ஊடுகாட்டும்' என்ற சொல்தான் கச்சிதம். ஊடு, காட்டு என்ற இரண்டும் லத்தீன் வேர்களின் பக்கத்திலேயே நிற்கின்றன. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்ற குறளிலும் (706) வினை 'காட்டும்'தான். பின்னணி என்பது பாட்டுக்கும் கதைக்கும் பழகிப்போனதால், படத்துக்குப் பின்புலம் என்பதே எங்கள் தேர்வு.

இனி, வெள்ளை ஏன் ஊடுகாட்டாது? படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 255 என்றால் வெள்ளை. வெள்ளையும் பூசப்பட்ட ஒரு நிறம்தான். ஊடுகாட்டுவதற்கு நான்காவதாக ஓர் எண் வேண்டும். அதன் பெயர் ஆல்ஃபா. 0 என்றால் முழுதும் ஊடுகாட்டும், 255 என்றால் முழுதும் மறைக்கும், இடைப்பட்டவை மங்கலாகக் காட்டும். 1970களின் பிற்பகுதியில் கணினி வரைகலை ஆய்வாளர்களான ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் இதை உருவாக்கினார்கள். இரு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் வரும் கிரேக்க எழுத்தே பெயராக ஒட்டிக்கொண்டது.

புகைப்படங்களுக்கு வழக்கமான ஜேபெக் (JPEG) கோப்பில் இந்த நான்காம் எண்ணுக்கு இடமில்லை. 1989இன் ஜிஃப் (GIF) கோப்பு வடிவம் ஒரே ஒரு நிறத்தை மட்டும் ஊடுகாட்ட விடும். மங்கல் நிலை கிடையாது. 1996இல் வந்த பிஎன்ஜிதான் முழு ஆல்ஃபாவையும் தாங்கும். ஆனால் ஜேபெக் படத்தை பிஎன்ஜியாகச் சேமித்தால் மட்டும் வெள்ளை போய்விடாது. வாட்ஸ்அப்பில் பிஎன்ஜியைப் புகைப்படமாக அனுப்பினால் ஆல்ஃபா தொலைந்துவிடும்; டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.

விண்டோஸின் பெயின்ட் மென்பொருளில் உள்ள 'டிரான்ஸ்பரன்ட் செலக்‌ஷன்' பலரை ஏமாற்றும். அது தேர்ந்த பகுதியை நகர்த்தும்போதும் ஒட்டும்போதும் 'கலர் 2' என்று தேர்ந்துவைத்த பின்புல நிறத்தை விட்டுவிடுகிறது, அவ்வளவே. கோப்பில் எதுவும் பதிவாகாது. அந்த நிறம் துல்லியமாகப் பொருந்தவும் வேண்டும்: ஜேபெக் சுருக்கத்தால் 255 என்பது 253, 254 ஆன புள்ளிகள் ஓரத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு வரும். படத்துக்குள் இருக்கும் வெள்ளைச் சட்டையும் காணாமல் போகும். விண்டோஸ் 11 பெயின்ட்டுக்கு 2023இல்தான் அடுக்குகளும் (லேயர்கள்) ஊடுகாட்டும் வசதியும் வந்தன.

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் (GIMP) முதலில் 'லேயர்' பட்டியில் 'டிரான்ஸ்பரன்சி', அதில் 'ஆட் ஆல்ஃபா சேனல்'. இதை மறந்தால், டெலீட் அழுத்திய இடத்தில் பின்புல நிறம்தான் நிரம்பும். பிறகு 'ஃபஸி செலக்ட்' கருவியால் வெள்ளையைத் தொட்டு டெலீட் செய்யுங்கள். சதுரங்கக் கட்டம் தெரிந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். (அந்தக் கட்டமே படத்தின் பகுதியாக வரையப்பட்ட போலிப் படங்களும் இணையத்தில் ஏராளம்.) சேமிக்க 'சேவ்' போதாது, அது கிம்ப்பின் சொந்த வடிவம். 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியாக பிஎன்ஜி ஆக்குங்கள்.

அப்படியும் கறுப்பு அட்டையில் எழுத்தைச் சுற்றி வெண்கோடு தெரியலாம். ஓரப் புள்ளிகளில் எழுத்தின் நிறமும் வெள்ளையும் ஏற்கெனவே கலந்திருப்பதே காரணம். கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் போன்றவற்றுக்கு கிம்ப்பின் 'கலர் டு ஆல்ஃபா' என்ற வசதி, கலந்த வெள்ளையை மட்டும் பிரித்தெடுத்துவிடும். முகம் உள்ள புகைப்படத்தில் அதைத் தொடாதீர்கள். கன்னமும் பாதி ஊடுகாட்டத் தொடங்கிவிடும்.

இன்னொரு சொல் சிக்கல் 'ஒப்பாசிட்டி', அதாவது பின்னால் இருப்பதைப் படம் எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு. இதை 'ஒளிபுகுதிறன்' என்று எழுதுகிறார்கள், பொருள் தலைகீழ். ஒப்பாசிட்டி 100 என்றால் எதுவும் ஊடே தெரியாது. 'மறைப்பளவு' என்று எழுதிவிட்டால் 0 எது, 100 எது என்று யாரும் தடுமாற மாட்டார்கள்.