பெருந்தொற்று நேரத்துல காலேஜ் மேட்ச் நடத்தலாமா? பதில் மூச்சுக்காத்துல இருக்கு

எங்க பக்கம், அதாவது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு இந்த பார்டர் ஓரத்துல, ஒரு வீட்டுப் புள்ளை கோயமுத்தூர் காலேஜுக்கு பஸ் ஏறும், பக்கத்து வீட்டுப் பையன் சித்தூர்லயோ பாலக்காட்லயோ படிப்பான், சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே கிரவுண்ட்ல தான் ஆடுவாங்க. 2020ல வாளையார் செக்போஸ்ட்ல பாஸ் இல்லாம விடமாட்டேன்னு ஆனப்போ தான் காலேஜ் மேட்ச் வைக்கலாமா வேண்டாமான்னு சண்டையே ஆரம்பிச்சது, இன்னும் முடியல, கேரளாவுல எங்கயாவது நிபான்னு நியூஸ் வந்தா போதும், மறுபடி ரெண்டு கட்சி ஆயிடும். "வயசுப் பசங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நடத்துங்க"ன்னு ஒரு கட்சி, "உசுரு பெருசா கப்பு பெருசா"ன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டுலயும் திருப்தி இல்லீங்க. எந்த ஆட்டம், எந்த இடம், எதுல வந்தாங்க, எங்க தங்குனாங்கன்னு கேக்காம ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லவே முடியாது, ஏன்னா கொரோனா மாதிரி காத்துல பரவுற கிருமி அத்தனை இடத்துலயும் ஒரே மாதிரி பரவுறதில்ல.

மூச்சுல இருந்து ஆரம்பிப்போம். சும்மா உக்காந்திருக்கறப்போ நிமிஷத்துக்கு 6ல இருந்து 8 லிட்டர் காத்து தான் நம்ம உள்ள போய் வெளிய வருது. முழு வேகத்துல ஓடுறப்போ அது 100 லிட்டரைத் தாண்டும். சரி, காத்து பன்னெண்டு பதினஞ்சு மடங்கு கூடுது, அப்போ கூட வர்ற நுண்துளியும் அதே அளவு தான் கூடும்னு நினைப்போம்ல, அது இல்ல. 2022ல ஜெர்மனியில ம்யூனிக் ஆராய்ச்சியாளர்கள் ஆளுங்களை ஒவ்வொருத்தரா நின்ன இடத்துல மிதிக்கற சைக்கிள்ல ஏத்தி, சுத்தமான காத்தை மட்டும் இழுக்க விட்டு, வெளிய விடுற துகள்களை எண்ணிப் பாத்தாங்க. ஓய்வுல நிமிஷத்துக்கு சராசரியா 580 துகள். இனி முடியாதுன்னு சொல்ற வரைக்கும் மிதிச்சப்போ 76,000க்கு மேல. கிட்டத்தட்ட 130 மடங்கு! மெதுவா மிதிக்கற வரைக்கும் பெருசா ஏறல, ஒரு அளவைத் தாண்டுன பிறகு தான் சர்ருன்னு ஏறியிருக்கு.

இது ஏன்னா, நுரையீரல்ல ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியான அகலத்துல குழாய்ங்க இருக்கு, அதோட உள்சுவர்ல ஈரப்படலம் ஒட்டியிருக்கும். முழுசா மூச்சை விட்டா அந்தக் குழாய் மூடிக்கும், அடுத்த மூச்சுல படக்குன்னு திறக்கும், அப்போ அந்தப் படலம் பிஞ்சு நுண்துளியா தெறிக்கும். ஆழமா, வேகமா மூச்சு வாங்க வாங்க இது கூடிக்கிட்டே போகும். போதாததுக்கு மூச்சு வாங்கறப்போ வாயால தான் இழுக்கறோம், மூக்கு பண்ற வடிகட்டுற வேலை நடக்கறதில்ல. ஆக வேர்க்க வேர்க்க ஆடுறவன் அதிகமா வெளிய விடுறான், அதிகமா உள்ளயும் இழுக்கறான், ரெண்டு பக்கமும் அடி.

இதை வெச்சு கபடியைப் பாருங்க. 13 மீட்டருக்கு 10 மீட்டர் கோர்ட், இப்பல்லாம் காலேஜ் போட்டின்னா பெரும்பாலும் மேட் போட்டு இண்டோர்ல. பாடி வர்றவன் 30 செகண்ட் கபடி கபடின்னு விடாம பாடணும், அம்பயருக்கு கேக்கற மாதிரி சத்தமாவே பாடணும். சத்தம் கூடக் கூட வாயில இருந்து வர்ற துகளும் கூடும்னு 2019லயே, அதாவது கொரோனாவுக்கு முன்னாடியே, அளந்து சொல்லியாச்சு. ஒருத்தன் கணுக்காலைப் பிடிக்க, இன்னொருத்தன் இடுப்புல விழ, செயின் பிடிச்சு நாலு பேர் மேல ஏற, அஞ்சாறு மூஞ்சி ஒரு சாண் இடைவெளியில ஒண்ணா மூச்சு வாங்கும், அந்த மூச்சுக்கு நடுவுல இவன் பாட்டு வேற. கபடிக்காக உசுரைக் குடுக்கற ஊர் தான் எங்களது, ஆனாலும் சொல்றேன், பெருந்தொற்று நேரத்துல மூடுன ஹால்ல ஆடக்கூடாத ஆட்டம்னா எனக்கு முதல்ல தோணுறது இது தான்.

ஆட்டத்தோட வேகம் எவ்வளவு முக்கியம்னு காட்டுன சம்பவம் தென் கொரியாவுல சியோனான்ங்கற ஊர்ல நடந்தது. 2020 பிப்ரவரியில நடன உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற மாஸ்டருங்க ஒரு பயிற்சி முகாமுக்கு ஒண்ணா போனாங்க, அதுல 8 பேருக்கு தொத்திக்கிச்சு, அது தெரியாம அவங்கவங்க ஊர்ல வகுப்பு எடுத்தாங்க. கடைசியில 12 உடற்பயிற்சிக் கூடங்களோட சம்பந்தப்பட்டு 112 பேருக்கு வந்தது. ஆனா அந்த மாஸ்டர்கள்ல ஒருத்தங்க யோகாவும் பிலாட்டஸும் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, அந்த வகுப்புல ஏழெட்டு பேர், ஒருத்தருக்கும் வரல. அவங்களுக்கு நோய் இருந்தது, மூச்சு மட்டும் மெதுவா இருந்தது. ஹால்ல குறைச்சலான ஆளுங்க இருந்ததும் ஒரு காரணம்னு ஆராய்ச்சி பண்ணவங்களே எழுதியிருக்காங்க.

இன்னொண்ணு அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல, 2020 ஜூன் மாசம் நடந்த ஐஸ் ஹாக்கி மேட்ச். ரெண்டு டீம் சேத்து 22 பேர். ஒருத்தருக்கு உள்ளுக்குள்ள நோய் இருந்தது, அன்னைக்கு ஒரு அறிகுறியும் இல்ல, மறுநாள் தான் முடியாம போச்சு. அஞ்சு நாளுக்குள்ள அவரையும் சேத்து 14 பேருக்கு அறிகுறி வந்துடுச்சு, அந்த ஐஸ் ஆடுகளத்துல வேலை பாத்த ஒருத்தருக்கும் வந்தது. அந்த ஆளு மேல தப்பு சொல்லவே முடியாது, கொரோனாவுல உடம்புக்கு முடியாம போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சிடுவோம், அது தான் இந்தக் கிருமியோட பலமே. கேட்ல நின்னு நெத்தியில டெம்பரேச்சர் கன்னைக் காட்டி "காய்ச்சல் இல்ல, உள்ள போ"ன்னு விட்டாங்களே, அது இந்த மாதிரி ஆளைப் பிடிக்கவே பிடிக்காது.

சரி, அப்போ வெளி கிரவுண்ட்? இங்க தான் நிலைமை மாறுது. 2020ல இங்கிலாந்துல சூப்பர் லீக் ரக்பி நடந்தப்போ நாலு மேட்ச்ல நோய் இருந்த 8 ஆட்டக்காரங்க தெரியாம ஆடிட்டாங்க. ரக்பின்னா கபடி மாதிரியே கட்டிப் புரளுற ஆட்டம். பிறகு வீடியோவைப் போட்டு யார் யாரைத் தொட்டாங்க, யார் மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வெச்சாங்கன்னு ஒண்ணு விடாம பாத்தாங்க. மேட்ச்ல தொத்துனதா ஒண்ணு கூட உறுதியாகல. அடுத்து வந்த சில கேஸ்களுக்கு கார்ல ஒண்ணா போனது, வெளிய ஒண்ணா பழகுனது, ஊர்ல பரவுனதுன்னு காரணம் கிடைச்சது. திறந்த வெளியில நுண்துளி நிக்காது, கலைஞ்சு போயிடும். எங்க ஊர் கிரவுண்டுங்களுக்கு இது இன்னும் பொருந்தும், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடி மாசம் எப்படி அடிக்கும்னு இங்க வளர்ந்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மலைக்கு நடுவுல முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்ட மாதிரி இருக்கற இடம். வாலிபால், ஃபுட்பால், ஓட்டம், தாண்டுறது எல்லாம் அந்தக் காத்துல ஆடுறதுக்கும் ஷட்டர் போட்ட ஹால்ல ஆடுறதுக்கும் ஆபத்துல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

ஆனா கிரவுண்டுக்கு எப்படி வந்து சேருறாங்கங்கறதை நாம கணக்குலயே எடுத்துக்கறதில்ல. ஒரு டெம்போ ட்ராவலர்ல டீம் மொத்தமும், கோச், மேனேஜர், கிட் பேக் எல்லாம் அடைச்சு, கண்ணாடியை ஏத்தி ஏசியைப் போட்டு, பாட்டை வெச்சு கூடவே கத்திக்கிட்டு மூணு மணி நேரம் போவாங்க. ஏசி உள்காத்தையே திரும்பத் திரும்ப சுத்த விடுற மாதிரி தான் பெரும்பாலும் ஓடும். அப்புறம் ஏதாவது ஒரு ஸ்கூல் கிளாஸ்ரூம்ல பாயை விரிச்சு இருவது பேர் வரிசையா படுக்கறது, ஒரே பந்தியில சாப்பாடு, ஒரே டிரெஸ்ஸிங் ரூம். மூடுன ரூம்ல காத்து எவ்வளவு மாறுதுங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மணிக்கு 6 தடவை ரூம் காத்து முழுசா மாறுனா, மிதக்கற துகள்ல 99 சதவீதம் வெளியேற 46 நிமிஷம் ஆகும். மணிக்கு ரெண்டே தடவைன்னா 138 நிமிஷம், அதுவும் புதுசா யாரும் உள்ள மூச்சு விடாம இருந்தா தான். கொசுவுக்கு பயந்து ஜன்னலை சாத்திட்டு இருவது பேர் படுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ஒரு மணி நேர மேட்சுக்கு மாஸ்க், தூரம், சானிட்டைசர்னு ஆயிரம் ரூல் எழுதற கமிட்டி, ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஒரு வரி கூட எழுதலைங்கறது எனக்கு பொறுக்கவே மாட்டேங்குது.

"டெஸ்ட் எடுத்துட்டா போச்சு"ன்னு சொல்றவங்களுக்கு, அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் கதையைச் சொல்லணும். பிக் டென்ங்கற பெரிய காலேஜ் கூட்டமைப்பு 2020 ஆகஸ்ட் 11ல இந்த சீசன் இல்லைன்னு நிறுத்துச்சு, செப்டம்பர் 16ல முடிவை மாத்தி தினமும் எல்லாருக்கும் ஆன்டிஜென் டெஸ்ட், பாசிட்டிவ்னா குறைஞ்சது 21 நாள் ஆட்டமில்ல, இதயப் பரிசோதனை கட்டாயம்னு சொல்லி ஆரம்பிச்சது. அவ்வளவு காசு இருந்தும் தப்பல, தினசரி ஆன்டிஜென் டெஸ்ட் எடுத்த யுனிவர்சிட்டி டீம்கள்லயே கிருமி பரவுனதை மரபணுவை ஒப்பிட்டுப் பாத்து 2021ல உறுதி பண்ணாங்க. ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு கிருமி ஓரளவு பெருகியிருந்தா தான் தெரியும், தொத்துன முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல நெகட்டிவ் காட்டும். நம்ம ஊர் ஐபிஎல்லும் அப்படித்தான், பபிள் போட்டும், அதாவது ஆட்டக்காரங்களை வெளியாளுங்க யாரும் அண்டாம தனியா வெச்சும், உள்ள கேஸ் வந்து 2021 மே 4ல நிறுத்த வேண்டியதாச்சு.

இதயத்தைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்றேன், பயமுறுத்தறதுக்கு இல்ல, தெரிஞ்சிருக்கணும். சில வைரஸ் இதயத் தசையில வீக்கம் உண்டாக்கும், மயோகார்டிடிஸ்னு பேரு. தசை வீங்குன இடத்துல மின்துடிப்பு நேரா ஓடாம சுத்தி சுத்தி வர ஆரம்பிக்கலாம், அந்த நேரத்துல அட்ரினலின் ஏற ஏற ஓடுனா துடிப்பு தாறுமாறாகி ஆள் கிரவுண்ட்லயே விழுந்துடலாம். 1970லயே எலிங்களை வெச்சு பாத்தாங்க, காக்ஸாக்கி வைரஸ் ஏத்துன எலிங்களைக் கட்டாயமா நீச்சலடிக்க வெச்சப்போ இதயத்துல வைரஸும் கூடுச்சு, சாவும் கூடுச்சு. கொரோனாவுல முதல்ல அமெரிக்காவுல ஓஹையோவுல 26 காலேஜ் ஆட்டக்காரங்களை எம்ஆர்ஐ எடுத்து 4 பேருக்கு அந்த அடையாளம் இருக்குன்னதும் உலகமே பதறுச்சு. அடுத்து 1,597 பேரைப் பாத்தப்போ 37 பேருக்கு தான், அதாவது 2.3 சதவீதம். அந்த 37ல 9 பேருக்கு தான் வெளிய தெரியற மாதிரி அறிகுறி. ஆக ஆபத்து முதல்ல பயந்த அளவுக்கு இல்ல, அதுக்காக இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. நோய் சரியாகி திரும்ப ஓடறப்போ நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், முன்னாடி இல்லாத மூச்சுத் திணறல் வந்தா அன்னைக்கே நிறுத்தி டாக்டரைப் பாக்கணும், இசிஜி, எக்கோ, ரத்தத்துல ட்ரோபோனின் மூணும் பாப்பாங்க. மயோகார்டிடிஸ்னு உறுதியாச்சுன்னா பெரும்பாலும் மூணுல இருந்து ஆறு மாசம் ஆட்டமே கூடாதும்பாங்க.

இதை எல்லாம் தெரிஞ்சே ஒரு பையன் காய்ச்சலை மறைப்பான், ஏன்னு யோசிக்கணும். கேரளாவுல ஸ்போர்ட்ஸுக்கு கிரேஸ் மார்க், ரெண்டு பக்கமும் ஸ்போர்ட்ஸ் கோட்டா, போலீஸ் வேலை, ரயில்வே வேலை எல்லாம் சர்டிபிகேட்ல தான் இருக்கு. அப்பா செங்கல் சூளையில, அம்மா தோட்ட வேலைக்குன்னு இருக்கற வீட்டுல இருந்து வர்றவன் கிட்ட "முடியலைன்னா சொல்லுப்பா"ன்னு பி.டி. மாஷ், அதாவது வாத்தியார், கேட்டா அவன் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு "ஒண்ணுமில்ல மாஷே"ன்னு தான் சொல்லுவான், அதுக்கு அவனைத் திட்டிப் புண்ணியமில்ல. அமெரிக்காவுல காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற என்சிஏஏங்கற அமைப்பு 2020ல ரெண்டு காரியம் பண்ணாங்க, பயந்து ஆடலைன்னாலும் ஸ்காலர்ஷிப் போகாதுன்னாங்க, ஆடுற தகுதியில ஒரு வருஷத்தையும் கூட்டிக் குடுத்தாங்க. என்னைப் பொறுத்தவரை அத்தனை லட்சம் டெஸ்ட் கிட்டை விட தொத்தைத் தடுக்க உருப்படியான காரியம் இது தான், ஏன்னா மறைக்கறதுக்கான காரணமே போயிடுது.

நம்ம ஊர்ல என்ன ஆச்சுன்னா, முதல் கேலோ இந்தியா யுனிவர்சிட்டி போட்டி புவனேஸ்வர்ல 2020 மார்ச் 1ல முடிஞ்சது, அடுத்தது பெங்களூர்ல 2022 ஏப்ரல்ல தான். 2019ல டிகிரி சேந்தவனுக்கு மூணு வருஷப் படிப்பே அதுக்குள்ள போயிடுச்சு.

அதனால என் கருத்து இது. காத்துல பரவுற நோய்னா வெளி கிரவுண்ட் பயிற்சியை நிறுத்தவே வேண்டாம், சின்னச் சின்ன குழுவா, நடந்தோ சைக்கிள்லயோ வர்ற தூரத்துப் பசங்களை வெச்சு நடத்துங்க. மூடுன ஹால்ல கபடி, பேஸ்கட்பால், ஷட்டில் டோர்னமெண்ட் அலை ஏறிக்கிட்டு இருக்கறப்போ வேண்டவே வேண்டாம், கபடியை மண்ணுக்கு மாத்த முடிஞ்சா மாத்துங்க, நம்ம தாத்தாங்க சடுகுடு ஆடுனது வயல்ல தானே. பார்டர் தாண்டி ராத்திரி தங்குற போட்டியைத் தள்ளி வைங்க, காலையில போய் சாயங்காலம் திரும்பறதா இருந்தா வேன்ல பாதி சீட், எல்லா கண்ணாடியும் திறந்து, ஏசி இல்லாம. நிபா மாதிரி நோய்க்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது, அது பெரும்பாலும் நோயாளியைப் பக்கத்துல இருந்து பாத்துக்கறவங்களுக்கு, ஆஸ்பத்திரியில பரவுறது, அங்க தொடர்புப் பட்டியல்ல இருக்கறவங்களைத் தனியா வைக்கறது தான் முக்கியம், ஜில்லா மொத்தத்துக்கும் கிரவுண்டைப் பூட்டறதால பெருசா ஒண்ணும் கிடைக்காது. அப்புறம் இன்டர் யுனிவர்சிட்டிக்கு இருக்கற 25 வயசு வரம்பு, போட்டி நடக்காத வருஷத்தை அதுல இருந்து கழிச்சுக்கணும்னு முன்கூட்டியே ரூல் எழுதி வைக்கணும், அலை வந்த பிறகு மனு எழுதிக்கிட்டு திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் பசங்களை அலைய விடக்கூடாது.