சமையல் வாசம் நோன்பாளியின் உடலில் என்ன செய்கிறது?

ரமலானில் மாலை நோன்புக் கஞ்சிக்குத் தாளிக்கும்போது, பெரும்பாலும் சமைப்பவரும் நோன்பில்தான் இருப்பார். எண்ணெயில் பட்டையும் கிராம்பும் பொரிந்து, இஞ்சி பூண்டு விழுது வதங்கும் வாசம் மூக்கில் ஏறியதும் எச்சில் ஊறும். வயிறும் இரைய ஆரம்பிக்கும். மன உறுதி குறைந்துவிட்டதோ என்று சிலர் சங்கடப்படுவார்கள். சங்கடமே வேண்டாம். இது மூளைத்தண்டும், அங்கிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பும் தாமாகவே செய்யும் வேலை. நம் அனுமதியை அவை கேட்பதில்லை.

கண்ணும் மூக்கும் தரும் செய்தி மூளைத்தண்டை எட்டியதும், வேகஸ் நரம்பு இரைப்பைச் சுவரில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது அமிலம் சுரக்கும் செல்களை நேரடியாகத் தூண்டும். அதே நரம்பின் வேறு இழைகள் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கலக்கவைக்க, அமிலம் இன்னும் கூடுகிறது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் இதை நாய்களிடம் நிரூபித்தார். விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியே வெளியே விழும்படி உணவுக்குழாயை அறுவை செய்திருந்தார். ஒரு கவளம்கூட வயிற்றுக்குள் போகவில்லை. ஆனால் 5 நிமிடம் கழித்து இரைப்பைநீர் பெருகியது. வேகஸைத் துண்டித்ததும் நின்றுபோனது. செரிமானம் பற்றிய இந்த ஆய்வுகளுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒருவேளை உணவுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் 30 சதவீதம் இப்படி முன்கூட்டியே வருவது என்கின்றன மருத்துவப் பாடநூல்கள்.

சோறு வராத வயிற்றில் அந்த அமிலம் என்ன ஆகும்? பலரும் கவனிக்காத இடம் இதுதான். சாப்பிடும்போது உணவிலுள்ள புரதம் அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கும். வெறும் வயிற்றில் அப்படித் தணிக்க எதுவும் இல்லை. அதனால் இரைப்பையின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) விரைவில் 3க்குக் கீழே இறங்கிவிடும். இறங்கியதும் சொமாட்டோஸ்டேட்டின் என்ற ஹார்மோன் சுரந்து கேஸ்ட்ரினை அடக்கிவிடுகிறது. ஆரோக்கியமான வயிற்றுக்கு இந்தத் தடுப்பே போதும். அல்சரோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்களுக்கு ஏற்கெனவே புண்பட்ட சவ்வில் அந்தக் கொஞ்ச அமிலமே எரிச்சலைத் தரும். அவர்கள் பொரியல், வறுவல் வேலையை வேறொருவரிடம் விடலாம். முடியாவிட்டால் சன்னலைத் திறந்துவைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள், விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்கு 30 நிமிடம் முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும்.

வயிறு இரைவதற்கு வாசம் மட்டும் காரணமல்ல. வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பலத்த சுருக்க அலை எழுந்து, மிச்சம் மீதியைப் பெருங்குடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். காற்றும் நீரும் நெருக்குண்டு எழும் ஒலிதான் அது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் ஏறி, சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கும். மதியம் ஒரு மணிக்குத் தாங்க முடியாமல் இருந்த பசி மூன்று மணிக்கு அடங்கிவிடுவது இதனால்தான்.

வாசம் பிடித்தாலே இன்சுலின் ஏறிச் சர்க்கரை இறங்கிவிடும் என்றொரு பயமும் உண்டு. நாக்கில் சுவை பட்டால் சுமார் 2 நிமிடத்தில் இன்சுலின் லேசாக உயரத் தொடங்கும். 4 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, 10 நிமிடத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பும். உப்புப் பார்த்துத் துப்பும்போது இது நிகழலாம். உண்ட பிறகு சுரப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். பார்வையாலும் வாசனையாலும் மட்டும் பலருக்கு இது எழுவதே இல்லை.

கல்லீரல் செய்வது இன்னும் வியப்பானது. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வளர்சிதைமாற்ற ஆய்வு நிறுவனத்தார், பட்டினி கிடந்த எலிகளுக்கு உணவைக் காட்டி, முகரவிட்டு, தின்னவிடாமல் வைத்தார்கள். சில நிமிடங்களிலேயே கல்லீரல் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் சிறு துண்டுகளாகப் பிரிந்தன. வரப்போகும் சர்க்கரையைக் கையாளக் கல்லீரல் ஆயத்தமாகிறது என்பது இதன் பொருள். மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் பசியை அடக்கும் நரம்பணுக்களே இந்த ஆணையை அனுப்புகின்றன. 2024இல் வெளிவந்த ஆய்வு இது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் கண்ணும் மூக்கும் கல்லீரல் வரை பேசுகின்றன என்பதற்கு இது வலுவான சான்று.

சர்க்கரை நோயாளிகள் அஞ்ச வேண்டியது வாசத்தை அல்ல, மாத்திரையை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். சமையற்கட்டில் கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் தாளித்த வாசத்தால் வந்த மயக்கம் என்று விட்டுவிடாமல் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை அளவு 70 மி.கி.க்குக் கீழே இருந்தால், நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி என்றாலும் காத்திருக்காமல் நோன்பை விட்டுவிட்டு, 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.