முகக்கவச விதியும் மூன்று நிமிடப் பேச்சும்: கேன்சஸ் மாநில ஊர் ஒன்றின் நகர கமிஷன் கூட்டத்தில் யாருக்கு என்ன உரிமை

2020 நவம்பர் 16. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்திலுள்ள டாட்ஜ் சிட்டியின் நகர கமிஷனில் ஐந்து பேர் வாக்களித்தார்கள். நான்கு பேர் வேண்டும் என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். கொரோனா தொற்றைத் தடுக்க, நகர எல்லைக்குள் முகக்கவசம் கட்டாயமானது. ஒரு மாதம்கூட முடியவில்லை. டிசம்பர் 15 அன்று, ஆதரவாக வாக்களித்த மேயர் ஜாய்ஸ் வார்ஷா பதவி விலகினார். மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் வந்து குவிந்த மிரட்டல்களே காரணம். இந்தப் பொறுப்பில் இனி பாதுகாப்பாக உணரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. அங்கே மேயர் என்பவர் கடைத்தெருவில் எதிரே வரும் மனிதர். அவரை விரட்டும் அளவுக்கு ஒரு துண்டுத் துணி கோபத்தைக் கிளப்பியது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் இரண்டு நியாயமான கேள்விகள் இருந்தன. ஐந்து பேருக்கு ஊர் முழுவதையும் முகம் மூடச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? ஒப்புக்கொள்ளாதவருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன உரிமை இருந்தது? இரண்டுக்கும் கேன்சஸ் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்த நாட்டில் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வாழும் தமிழர்களுக்கும் அது பயன்படும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் மாநகராட்சி கமிஷனர் என்றால் அரசு நியமித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. டாட்ஜ் சிட்டியில் கமிஷனர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர். அப்படி ஐந்து பேர் சேர்ந்ததுதான் நகர கமிஷன். அவர்களே தங்களுக்குள் ஒருவரை மேயராக வைத்துக்கொள்கிறார்கள். அவருக்கும் மற்றவர்களைப் போல ஒரே ஒரு வாக்குதான். அன்றாட நிர்வாகத்தைச் சம்பளம் வாங்கும் நகர மேலாளர் கவனிக்கிறார். ஆகவே முகக்கவசத்தை மேயர் தனியாகக் கட்டாயமாக்கியிருக்கவே முடியாது. கோபம் மட்டும் பெரும்பாலும் அவர் தலையில் விழுந்தது.

அதிகாரம் எங்கிருந்து வந்தது

கேன்சஸ் ஆளுநர் லாரா கெல்லி 2020 ஜூலை 3 முதல் மாநிலம் முழுவதும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கி ஆணையிட்டார். அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர். நம் முதலமைச்சரைப் போன்ற பொறுப்பு. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான் மாநிலச் சட்டமன்றம் அவர் கையைக் கட்டியிருந்தது. ஜூன் மாதம் நிறைவேறிய சட்டத்தின்படி, ஆளுநரின் அவசர ஆணையைவிடத் தளர்வான ஆணையை ஒரு கவுண்டி பிறப்பித்துக்கொள்ளலாம். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். உள்ளூர் சுகாதார அதிகாரியைக் கலந்து பேசி, இந்த அளவு கட்டுப்பாடு இங்கே தேவையில்லை என்று கவுண்டி கமிஷன் பதிவு செய்துவிட்டால் போதும்.

கேன்சஸில் 105 கவுண்டிகள். ஆகஸ்ட் நடுவில் 24 கவுண்டிகளில் மட்டுமே முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. மீதி 81 கவுண்டிகளில் இல்லை. டாட்ஜ் சிட்டி இருக்கும் ஃபோர்டு கவுண்டி இந்த 81-இல் ஒன்று.

கவுண்டி விலகிக்கொண்டால் நகரம் என்ன செய்யும்? இங்கேதான் பலரும் குழம்பினார்கள். கேன்சஸ் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, 1961 முதல் நகரங்களுக்குத் தன்னாட்சி கொடுத்திருக்கிறது. மாநிலச் சட்டம் தடுக்காத வரையில் உள்ளூர் விவகாரங்களில் நகரமே விதி செய்துகொள்ளலாம். மேலிடத்து அனுமதி தேவையில்லை. மாநிலத்தின் பெரிய நகரமான விச்சிட்டா இதை முதலிலேயே செய்து காட்டியது. அதன் கவுண்டி 2020 ஜூலைத் தொடக்கத்தில் முகக்கவசத்தை வெறும் பரிந்துரையாக்கியதும், நகர மன்றம் உடனே கூடி 4–3 என்ற கணக்கில் கட்டாயமாக்கியது. டாட்ஜ் சிட்டி நவம்பரில் எடுத்ததும் இதே தன்னாட்சி அதிகாரத்தைத்தான்.

நகர விதி நிறைவேற மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதி என்று கணக்கிட முடியாது. சாதாரண விதி, நகரத்தின் அதிகாரபூர்வ செய்தித்தாளில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும். ஒரு விதி தன்னைக் கட்டுப்படுத்துமா என்று சந்தேகப்படுபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெளியீட்டைத்தான்.

யாருக்கு விலக்கு இருந்தது

ஆளுநரின் ஆணையைப் படித்துப் பார்த்தால், மேடைகளில் அதைப் பற்றிச் சொல்லப்பட்ட பலவும் அதில் இல்லை என்பது தெரியும். ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகளுக்கு விலக்கு இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறும் ஆபத்து இருப்பதால் முகக்கவசம் போடவே கூடாது என்று தனியாக எழுதியிருந்தார்கள். முகக்கவசம் அணிய முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு விலக்கு இருந்தது. காது கேளாதவர், அவருடன் பேசுபவர் ஆகியோருக்கும் விலக்கு. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் முன்னால் வாயை மூடினால் அவருக்குப் பேச்சே இல்லாமல் போய்விடும். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவரும் கழற்றலாம். வெளியிடத்தில் ஆறடி இடைவெளி இருந்தால் அணிய வேண்டியதில்லை. இந்த விலக்குகளை எழுதியவர்கள் நோயை மட்டுமல்ல, மனிதர்களையும் நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஆணையை மீறினால் சிறை கிடையாது. ஜூன் மாதச் சட்டம் அதைக் குற்றவியல் தண்டனையிலிருந்து மாற்றி, ஒரு மீறலுக்கு 2,500 டாலர் வரை போகக்கூடிய அபராதமாக வைத்தது.

டாட்ஜ் சிட்டிக்கு ஏன் இது உயிர்ப் பிரச்சினை

அந்த ஊர் மாட்டிறைச்சித் தொழிலால் வாழ்கிறது. இரண்டு பெரிய ஆலைகள் உண்டு. வெட்டும் வரிசையில் தொழிலாளர்கள் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். உள்ளே குளிர். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கும் சத்தம் போட வேண்டும். சுவாசத்தில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஷிப்ட் முடிந்து அவர்கள் போவது அதே ஊரின் மளிகைக் கடைக்கும் தேவாலயத்துக்கும் வீட்டுக்கும்தான். ‘என் உடல், என் ஆபத்து’ என்ற வாதம் இந்த இடத்தில் நிற்கவில்லை. கடையில் முகக்கவசம் போடுபவர் முதலில் காப்பது கல்லாவில் நிற்கும் பெண்ணை.

விதி பலன் தந்ததா என்பதற்கும் கேன்சஸிலேயே கணக்கு இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 நவம்பர் 20 அன்று, அதாவது டாட்ஜ் சிட்டி வாக்களித்து நான்கே நாளில், ஓர் ஆய்வை வெளியிட்டது. ஜூலைத் தொடக்கத்துக்குப் பின் ஆகஸ்ட் நடுவரை, கட்டாயம் இருந்த 24 கவுண்டிகளில் புதிய தொற்று விகிதம் 6 சதவீதம் குறைந்திருந்தது. கட்டாயம் இல்லாத 81 கவுண்டிகளில் 100 சதவீதம் கூடியிருந்தது. கவுண்டிகள் தாங்களாகவே பிரிந்துகொண்டதால் இது சோதனைக்கூடத்துச் சோதனை போலத் துல்லியமானதன்று; மற்றக் காரணங்களும் கலந்திருக்கலாம். இருந்தாலும் அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு என்னால் முகக்கவச விதியை வெறும் அதிகாரத் திமிர் என்று சொல்ல முடியாது.

கூட்டத்துக்குப் போகும் உரிமை, பேசும் உரிமை

இவை இரண்டும் ஒன்றல்ல. பெரும்பாலான சண்டைகள் இந்த வேறுபாடு தெரியாமல் தொடங்கின.

கேன்சஸில் 1972 முதல் திறந்த கூட்டச் சட்டம் இருக்கிறது. நகர கமிஷனின் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஓரிடத்திலோ தொலைபேசியிலோ கூடி நகர விவகாரம் பேசினால் அது கூட்டம். கதவு திறந்திருக்க வேண்டும். இரகசிய வாக்கெடுப்பு கூடாது. வழக்கறிஞர் ஆலோசனை, ஊழியர் விவகாரம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் மூடிய அறைக்குள் பேசலாம்; அங்கே கட்டுப்படுத்தும் முடிவு எதையும் எடுக்கக் கூடாது. கூட்டத்துக்கு இடையூறு இல்லாமல் யாரும் ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம். இவையெல்லாம் சட்டம் கொடுத்த உரிமை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அதே சட்டம், வந்தவரைப் பேச விட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்கலாம், பார்க்கலாம்; பேசுவது அந்தந்த கமிஷன் வைத்திருக்கும் விதியைப் பொறுத்தது. ஃபுளோரிடாவில் நிலைமை வேறு. அங்கே 2013 முதல், முடிவு எடுக்கும் முன் மக்கள் கருத்தைக் கேட்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. என்னைக் கேட்டால் கேன்சஸும் அதைச் செய்திருக்க வேண்டும். பேச இடம் இருக்கும் ஊரில் வாசலில் நின்று கத்துபவர்கள் குறைவார்கள்.

பேச வாய்ப்புத் தரும் ஊர்களில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி. நுழைவாயிலில் ஒரு தாள். பெயரும் முகவரியும் எழுத வேண்டும். அழைக்கும்போது எழுந்து ஒலிவாங்கிக்கு முன் போய் நிற்க வேண்டும். மூன்று நிமிடம். மேசையில் சிறு விளக்கு ஒன்று பச்சையாக எரியும், மஞ்சளாகும், பிறகு சிவப்பு. கை நடுங்கத் தாளைப் பிரித்துப் படிக்கும் மூதாட்டிக்கும், தொண்டை கிழியப் பேசும் கடைக்காரருக்கும் அதே மூன்று நிமிடம்தான். உறுப்பினர்கள் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பெரும்பாலும் சொல்வதில்லை. புதிதாக வருபவருக்கு அது அலட்சியம்போல் தெரியும். வந்த எல்லோர் பேச்சையும் கேட்டு முடித்த பிறகே உறுப்பினர்கள் தங்களுக்குள் விவாதிப்பார்கள்.

பேச இடம் கொடுத்துவிட்டால், கருத்தைப் பார்த்து ஒருவரைத் தடுக்க, பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அனுமதிக்காது. நேர வரம்பு வைக்கலாம். பொருளை விட்டு விலகினால் நிறுத்தலாம். கூச்சலிட்டுக் கூட்டத்தைக் குலைப்பவரை வெளியேற்றலாம். ஆதரிப்பவருக்கு நான்கு நிமிடம், எதிர்ப்பவருக்கு இரண்டு நிமிடம் என்று மட்டும் செய்யக் கூடாது.

எதிர்த்தவர்கள் சொன்னதில் என்ன இருந்தது

2020 ஜூன் மாதம், முகக்கவச விதி பற்றிப் பேசிய ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டி கமிஷன் கூட்டத்தின் காணொளி உலகம் சுற்றியது. கடவுள் கொடுத்த சுவாசத்தை மறிக்கிறீர்கள் என்று சிலர் பேசினார்கள். அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. ஏப்ரல் 3 வரை ஆரோக்கியமான மக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று சொன்னது அரசுதான். அதே வாய் திடீரென்று மாற்றிச் சொன்னபோது சந்தேகப்படுவது மனித இயல்பு. அறிவுரை ஏன் மாறியது, அறிகுறி இல்லாதவரும் நோயைப் பரப்புகிறார் என்று எப்படித் தெரிந்தது என்பதை உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. பாம் பீச் விதி செல்லும் என்று 2021 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் அதே மாநிலத்தின் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அலாச்சுவா கவுண்டி வழக்கில், முகக்கவச ஆணை தனியுரிமையைத் தொடுகிறது, ஆகவே கடுமையாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றது. இரு தரப்பும் திரும்பிப் பார்த்த பழைய தீர்ப்பு 1905-இல் வந்தது. மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்த ஒரு போதகருக்கு விதித்த ஐந்து டாலர் அபராதம் செல்லும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். தொற்றுக் காலத்தில் ஒருவர் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு என்றது. அந்த அதிகாரம் மனம்போன போக்கில் பயன்பட்டால் நீதிமன்றம் தலையிடும் என்றும் சேர்த்தே எழுதியது.

சண்டையும் புதிதல்ல. 1918-இல் இன்ஃபுளுவென்சா தொற்றுப் பரவியபோது சான் பிரான்சிஸ்கோ நகரம் முகக்கவசம் போடாதவர்களுக்கு 5 முதல் 100 டாலர் வரை அபராதமோ பத்து நாள் சிறையோ விதித்தது. 1919 ஜனவரியில் விதி திரும்ப வந்தபோது, எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் கூடியது.

கோபம் எங்கே குற்றமாகிறது

உறுப்பினரைத் திட்டலாம். அடுத்த தேர்தலில் தோற்கடிப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். வழக்குப் போடலாம். உன் வீடு எனக்குத் தெரியும், உயிரோடு விட மாட்டேன் என்று எழுதினால் அது கேன்சஸில் பெருங்குற்றம். முதல் திருத்தம் அதைக் காக்காது. மிரட்டல் வந்தவர் அதை அழிக்காமல் அப்படியே காவல்துறையிடம் கொடுக்க வேண்டும்.

வார்ஷா போனபின் அந்த மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்கும் அவரோடு வெளியே போனது. அவருக்கு எதிராக வாக்களித்திருக்கக்கூடியவர்களும் அந்த வாய்ப்பை இழந்தார்கள்.

2021-இல் மாநிலச் சட்டம் மறுபடி மாறியது. மார்ச்சில் கையெழுத்தான சட்டம், அவசர ஆணையால் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்தால் நீதிமன்றம் 72 மணி நேரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்றது. ஏப்ரல் 1 அன்று சட்டமன்றத் தலைவர்கள் ஆளுநரின் முகக்கவச ஆணையை ரத்து செய்தார்கள்.

விசாவில் இருப்பவருக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் திறந்த கூட்டத்தில் உட்காரக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். கேன்சஸில், கூட்டம் எப்போது நடக்கும் என்பதை ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே சட்டம். ஆகவே நகர எழுத்தர் அலுவலகத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்: உங்கள் கூட்டங்கள் குறித்து எனக்குத் தகவல் அனுப்பவும். நிதியாண்டு முடிந்ததும் அந்த வேண்டுகோளைப் புதுப்பிக்கச் சொல்லலாம். ஆனால் உங்களுக்கு அறிவிக்காமல் அவர்கள் தகவல் அனுப்புவதை நிறுத்தக் கூடாது.