நோய்ச்சுமை

ஒரு நோய் ஒரு மக்கள்தொகையிடமிருந்து பறித்துக்கொள்ளும் நலவாழ்வின் மொத்த அளவே நோய்ச்சுமை. எத்தனை பேருக்கு நோய் என்ற தலைக்கணக்கு வேறு. நாளிதழ்களில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பர்டன்', சுமத்தலைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து பிறந்தது. 'மனசு பாரமா இருக்கு' என்கிறோமே, அந்தப் பாரம் வடமொழி வழி வந்தது. பர்டனுக்குத் தூரத்து உறவு. 'சும' என்ற வினையடியில் பிறந்த சுமை நம் சொல். குறளில் 'பொறை' உண்டு ('உண்மை நிலக்குப் பொறை', 572). இன்று அதைப் பொறுமை என்றே படிப்பார்கள் என்பதால் சுமையே இருக்கட்டும்.

உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை வழியாகப் பரவிய இதன் அலகு 'டாலி': அகால மரணத்தில் இழந்த ஆண்டுகளோடு, நோயோடு கழிந்த ஆண்டுகளை நோயின் கடுமையைக் காட்டும் ஓர் எடையால் (முழு நலத்துக்கு 0, மரணத்துக்கு 1) பெருக்கிக் கூட்ட வேண்டும். 'இயலாமை சரிக்கட்டிய வாழ்வாண்டு' என்று பெயர்த்தால் நாக்கு சுளுக்கும். 'இழந்த நலவாண்டு' போதும் என்பது என் கட்சி.

எடை போட்டது யார்? பல நாட்டுப் பொதுமக்கள்தான். இரண்டு நோயாளிகளை விவரித்து, இவர்களில் யார் அதிக நலமாக இருக்கிறார் என்று கேட்டார்கள். அப்படி வந்தவை: லேசான மனச்சோர்வுக்கு 0.145, நடுத்தரத்துக்கு 0.396, கடுமையானதற்கு 0.658. ஆயிரம் பேர் ஆறு மாதம் நடுத்தரச் சோர்வில் இருந்தால் 198 நலவாண்டுகள் போயின. தற்கொலை மரணங்கள் சுயதீங்கு என்ற தனித் தலைப்புக்குப் போய்விடுவதால், மனச்சோர்வின் கணக்கில் ஏறுவது உயிரோடிருப்பவர்கள் இழந்தது மட்டுமே.

இத்தனை பெருக்கலும் தலைக்கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதுவோ கேட்கும் விதத்தைப் பொறுத்தது. சென்னையில் 25,455 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வு (2009இல் வெளியானது) 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்றது. 2015–16 தேசிய மனநல ஆய்வு, மருத்துவ வரையறைப்படி நேர்காணல் நடத்தி, 12 மாநிலங்களில் 2.7 சதவீதம் என்றது. அறிகுறியை எண்ணுவது ஒன்று, நோயை எண்ணுவது இன்னொன்று.

கடைசியாக ஒரு திருத்தம். டிப்ரஷனின் லத்தீன் மூலத்துக்குக் 'கீழே அழுத்துதல்' என்றே பொருள். அதனால் 'மன அழுத்தம்' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பேச்சில் அது ஸ்ட்ரெஸ் ஆகிவிட்டது. 'மன அழுத்தம் இருக்கிறதா' என்று பெரம்பூர் ஆட்டோக்காரரிடம் கேட்டால், "இந்த ட்ராஃபிக்ல அது இல்லாம எவன் சார் இருக்கான்?" என்பார். கேள்வித்தாளில் 'மனச்சோர்வு' என்றே எழுதுங்கள்.