ஃப்ளைட் நின்னதுக்கு அப்புறம்தான் பிரேக் சூட்டோட ஆபத்தே ஆரம்பிக்குது

65 டன் எடையுள்ள ஃப்ளைட் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்துல ரன்வேல இறங்குதுன்னா அதோட இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 170 மெகாஜூல், சாதாரண தண்ணி 500 லிட்டரை கொதிக்க வச்சுடலாம். ரிவர்ஸ் த்ரஸ்ட் (இன்ஜின் தள்ளுவிசைய முன்பக்கமா திருப்பி வேகத்தை குறைக்கிறது), றெக்கைல எழும்புற ஸ்பாய்லர், காத்தோட எதிர்ப்பு எல்லாம் ஒரு பங்கை எடுத்துக்கும், மீதி சக்கரத்துக்குள்ள அடுக்கா இருக்குற கார்பன் டிஸ்க்குகள்ல வெப்பமா இறங்கிடும்.

டிஸ்க் பல நூறு டிகிரிய சாதாரணமா தாங்கும், அதுக்காகவே செஞ்சது. ஆனா அந்த சூடு மெதுவா அலுமினிய ரிம்முக்கும் டயருக்கும் பரவும், அதனால வண்டி நின்னு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சும் சக்கரத்தோட சூடு ஏறிக்கிட்டே இருக்கலாம். நின்ன உடனே பாத்துட்டு ஒன்னும் இல்லன்னு கிட்ட போறது இதனாலதான் தப்பு.

டயர் வெடிக்காம இருக்க ரிம்லயே ஃப்யூஸ் பிளக் வச்சிருப்பாங்க, குறிப்பிட்ட சூடு வந்தா அதுக்குள்ள இருக்குற உலோகம் உருகி டயர்ல உள்ள வாயுவ வெளிய விட்டுடும். அந்த வாயு நைட்ரஜன். சாதாரண காத்துன்னா அதுல இருக்குற ஆக்ஸிஜன், சூடான ரப்பர்ல இருந்து வர்ற ஆவியோட கலந்து உள்ளயே பத்திக்கலாம். 1986 மார்ச் 31 அன்னைக்கு மெக்சிகோவோட மெக்சிகானா நிறுவனத்தோட 940ம் நம்பர் ஃப்ளைட், ஒரு போயிங் 727, பிரேக் சூடேறி டயர் நடுவானத்துல வெடிச்சு எரிபொருள் குழாய் கிழிஞ்சு விழுந்துச்சு, 167 பேரும் போயிட்டாங்க. அந்த டயர்ல நைட்ரஜனுக்கு பதிலா காத்து அடைச்சிருந்தாங்க.

பிளக் இருந்தாலும் ரிம் உடையாதுன்னு உத்தரவாதம் இல்ல. உடைஞ்சா துண்டுங்க பக்கவாட்டுல, அதாவது அச்சு நீளுற திசைல பறக்கும், அதனால கிட்ட போயே ஆகணும்னா முன்பக்கமாவோ பின்பக்கமாவோதான் போகணும், சக்கரத்துக்கு நேர் பக்கத்துல நிக்கவே கூடாது. தீ இல்லாம வெறும் சூடுன்னா தண்ணிய பீச்சி அடிக்கக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் சட்டுன்னு சுருங்கி உலோகம் விரிசல் விடலாம். தானா ஆற விடணும், இல்ல ஃபேன் போடணும். சக்கரத்துக்கு கட்டை வச்சதும் பார்க்கிங் பிரேக்கையும் எடுத்துடுவாங்க, டிஸ்க்குகளை இறுக்கி பிடிச்சிருந்தா நடுவுல காத்து போகாது, சூடு டிஸ்க்குகளை அழுத்துற பிஸ்டன் வழியா ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் ஏறும்.

அவசரத்துல இருக்குறவங்களுக்கு இந்த காத்திருப்பு எரிச்சலா இருக்கும், ஆனா இதுக்கு குறுக்கு வழி கிடையாது. ஏர்பஸ் ஏ320 ஃப்ளைட்ல ஃபேன் இல்லாதப்ப பிரேக் 300 டிகிரிக்கு மேல இருந்தா டேக்ஆஃப் பண்ணக் கூடாது. சூடான சக்கரத்தை மேல மடிச்சு மூடின பிறகு கொஞ்சம் ஹைட்ராலிக் எண்ணெய் கசிஞ்சாலும் உள்ள தீ பிடிக்கலாம். அதோட ஓடும்போது டேக்ஆஃப்ப கைவிட வேண்டி வந்தா முழு எடையையும் அதே பிரேக்தான் நிறுத்தணும், ஏற்கனவே பாதி சூட்டுல இருக்குற டிஸ்க்ல அதுக்கு இடம் இருக்காது. கிளம்பின பிறகு பிரேக் சூடுன்னு எச்சரிக்கை வந்தா, வேகம் அனுமதிச்சா, பைலட் சக்கரத்தை கீழயே விட்டு வெளிக்காத்துல ஆற விட்டுட்டுதான் மடிப்பாரு.